முட்லூரில் ஏறியதாகச் சொன்ன பெண்

சென்ற மாதம் சிதம்பரத்தில் ஒரு பயிற்சி வகுப்பில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். மனநல ஆலோசகர்களாகப் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள். ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டால் ஒரு பொன்னாடை போர்த்தி, நாலு நல்ல வார்த்தை பேசச் சொல்லி, சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் மேடையிலிருந்து இறக்கிவிடுவார்கள். நான் பொன்னாடைக்கு மயங்குகிறவள் இல்லை. மைக்குக்கு மயங்குவேன். அதனால் போனேன்.

பேசி முடித்ததும் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தாள். பாலியல் குற்றம் செய்தவர்களோடு உட்கார்ந்து பேசுவது எப்படி என்ற பாடத்தைக் கையேட்டில் பிரித்து வைத்திருந்தாள். இதில் உதாரணமாக வருகிறவர்கள் எல்லோரும் ஆண்களாகவே இருக்கிறார்களே, பெண்கள் இப்படிச் செய்வதே இல்லையா என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "செஞ்சாலும் பின்னாடி ஒரு ஆம்பளை இருப்பான்" என்றான். கூடமே சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் மேல் கோபமும் வரவில்லை. ஒரு காலத்தில் காவல்துறை, பள்ளிக்கூடம், ஒரு குடும்பம் என்று எல்லோரும் அதையேதான் நம்பினார்கள். நானும்தான். நம்பாமல் உட்கார்ந்திருந்த ஒரே ஆள் ரோஸ்லின் மேடம். அன்றைக்கு மேடையில் அதைச் சொல்லத் தொடங்கினால் யாரும் சாப்பிடப் போக முடியாது என்பதால் விட்டுவிட்டேன். இங்கே எழுதுகிறேன். பெயர்களையும் அடையாளங்களையும் மாற்றியிருக்கிறேன்.

நான் சமூகப்பணி படித்த கதையும் ஆரம்பத்தில் அங்கும் இங்கும் வேலை பார்த்துத் திட்டு வாங்கிய கதையும் யாருக்கும் வேண்டாம். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆலோசனை மையத்தில் சேர்ந்ததிலிருந்துதான் எனக்கு வேலை என்பது தொடங்கியது. கீழே மளிகைக் கடை, மாடியில் நாங்கள். எவ்வளவு பெரிய துக்கத்தைக் கொண்டு வந்தாலும் அது பெருங்காய வாசனைக்குள்தான் சொல்லப்பட வேண்டும். அந்த மையத்துக்குத் தலைவி ரோஸ்லின் மேடம். குள்ளமான உருவம், கஞ்சி போட்ட காட்டன் புடவை, மழை வெயில் எதுவானாலும் ஒரு குடை. சிரிப்பது அபூர்வம். சிரித்தால் யாரையோ மாட்டிவிடப் போகிறார் என்று அர்த்தம்.

அவருடைய முறைகளை நான் இன்னும் மனப்பாடமாகச் சொல்வேன். இரண்டு நாற்காலிகளும் ஒரே உயரம் இருக்க வேண்டும். வந்தவருடைய நாற்காலி கதவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஏன் என்று கேட்டேன். "ஓடிப்போயிடலாம்னு தெரிஞ்சாதான் ஒருத்தி உட்காருவா" என்றார். வழக்கின் காகிதங்களை முந்தின நாளே வரி வரியாகப் படித்துவிட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். மேசையில் ஒரு தாள்கூட இருக்காது. எதிரில் இருப்பவர் அழுதால் தொட மாட்டார், தோளைத் தட்ட மாட்டார். தண்ணீர் டம்ளரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் நகர்த்தி வைப்பார், அவ்வளவுதான். நான் முதல் வாரமே அழுத ஒரு பெண்ணோடு சேர்ந்து அழுதேன். வெளியே வந்ததும், "ரெண்டு பேரும் அழுதா யாரு கேக்கறது?" என்று மட்டும் சொன்னார். அதற்கு நான் முழுநாளும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

முக்கியமான விதி, ஒரே ஆள் இரண்டு பக்கமும் உட்காரக் கூடாது. பாதிக்கப்பட்டவரோடு பேசுகிறவர் குற்றம் செய்தவரோடு பேசக் கூடாது. எங்களில் யாருமே குற்றம் செய்தவர்கள் பக்கம் உட்கார விரும்பியதில்லை. அந்தப் பக்கத்தை ரோஸ்லின் மேடமே எடுத்துக்கொண்டார்.

வாரம் ஒரு முறை சிதம்பரத்தில் இருந்த எங்கள் கிளைக்குப் பஸ்ஸில் போவோம். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மேடத்துக்கு நாகரிகம் கிடையாது. கடலூர் பஸ் நிலையத்துக்குள் வண்டி திரும்பும்போதே கூடவே ஓடி, ஜன்னல் வழியாகக் கர்ச்சீப்பைப் போட்டு இடம் பிடிப்பார். யாராவது அதை எடுத்துக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தால் தொலைந்தார்கள். ஆலப்பாக்கம் வரை வாதாடுவார். பஸ்ஸில் வழக்குகளைப் பற்றிப் பேச்சே கூடாது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, புதுச்சத்திரம் தாண்டித் தெரியும் வெள்ளாற்றைப் பார்ப்பார். அவருக்கு அதுதான் ஓய்வு.

குற்றம் செய்த பெண்கள் எங்களிடம் நிறைய வரவில்லை. வந்த சிலரில், பின்வரிசைப் பையன் சொன்ன மாதிரி, ஓர் ஆளுக்குப் பயந்து அவன் சொன்னதைச் செய்தவள் உண்டு. பாடம் சொல்லிக் கொடுக்க வந்த இடத்தில் ஒரு மாணவனைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதற்குக் காதல் என்று பெயர் வைத்து, தீர்ப்பு வந்த பிறகும் கவிதை எழுதியவளும் உண்டு. இவர்களை வகை பிரித்து எழுதித் தரட்டுமா என்று மேடத்திடம் ஆசையாகக் கேட்டேன். வகை பிரிப்பது அலமாரிக்கு நல்லது, எதிரில் உட்கார்ந்திருப்பவளுக்கு அதனால் ஒன்றும் இல்லை என்றார். பாராட்டு வாங்குவதற்காக நான் செய்த காரியங்களில் பாதி இப்படித்தான் முடியும்.

இனி அமுதாவின் வழக்குக்கு வருகிறேன்.

மங்கலம்பேட்டையைச் சேர்ந்த செல்வியும் அவள் கணவரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். மகன் கதிர் நல்ல பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டும் என்று, சிதம்பரத்தில் இருந்த செல்வியின் தங்கை அமுதா வீட்டில் விட்டிருந்தார்கள். சொந்தச் சித்தி. அதைவிடப் பத்திரமான இடம் எது? அமுதாவின் கணவர் முருகன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். ஒருநாள் பள்ளி விட்ட பிறகும் கதிர் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறான். டீச்சர் கேட்டதற்கு வீட்டுக்குப் போக மாட்டேன் என்றான். வீட்டில் தன்னிடம் யாரோ தப்பாக நடப்பதாக மட்டும் சொன்னான். யார் என்று சொல்லவில்லை. டீச்சர் உடனே தெரியப்படுத்த வேண்டியவர்களுக்குத் தெரியப்படுத்தினார்.

யாரோ என்றால் யார்? அந்த வீட்டில் ஓர் ஆண்தானே இருக்கிறார். அன்று மாலையே முருகனை நிலையத்துக்கு விசாரணைக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். பையனை எங்கள் சிதம்பரம் கிளைக்குக் கூட்டி வந்தார்கள். பெண் எஸ்.ஐ. சட்டப்படி சீருடை இல்லாமல் சுடிதாரில்தான் வந்திருந்தார். நல்ல மனுஷி. குழந்தை பேசும்போது அவனுக்கு நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதும் சட்டம். அதையும் மறக்கவில்லை. அம்மா திருப்பூரிலிருந்து வந்து சேர நேரமாகும் என்பதால் சித்தியைப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

அமுதா அழுது அழுது முகம் வீங்கி வந்திருந்தாள். பையனுக்கு டிபன் பாக்ஸில் தயிர்சாதம் கொண்டு வந்திருந்தாள். கட்டின புருஷனே இப்படிச் செய்துவிட்டானே என்று எங்களுக்கெல்லாம் அவள் மேல் பரிதாபம். எஸ்.ஐ. அவளுக்கு மின்விசிறியைத் திருப்பி வைத்தார். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். கதிர் மட்டும் பேசவில்லை. எதைக் கேட்டாலும் தரையைப் பார்த்தான்.

ரோஸ்லின் மேடம் ஓர் ஓரமாக உட்கார்ந்திருந்தார். அவர் பையனைப் பார்க்கவே இல்லை என்பதைக் கவனித்தேன். டிபன் பாக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை அவன் திறக்கவில்லை. சித்தி தண்ணீர் கொடுத்தபோது வேண்டாம் என்றான். நான் கொடுத்தபோது குடித்தான். இதெல்லாம் என் கண்ணெதிரில்தான் நடந்தது, நான் பார்க்கவில்லை. மேடம் எழுந்து, பையன் இரவு எங்கே தங்குவான் என்று தெரியவில்லை, ரெண்டு செட் துணியும் புத்தகப் பையும் வீட்டிலிருந்து எடுத்து வர முடியுமா என்று அமுதாவிடம் மரியாதையாகக் கேட்டார். அவள் தயங்கினாள். மேடம் குடையை எடுத்து நீட்டினார். வெயில் கடுமை, வைத்துக்கொள் என்றார். மறுக்க வழியில்லாமல் போனாள்.

அவள் படியிறங்கும் சத்தம் ஓய்ந்த பிறகு மேடம் கதிரிடம் கேட்டது ஒரே கேள்வி. "யாரு பக்கத்துல இருந்தா உனக்குப் பேச வரும்?"

அவன் முதல் தடவையாக நிமிர்ந்தான். "சித்தப்பா" என்றான்.

எஸ்.ஐ. கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு அப்போதும் முழுதாகப் புரியவில்லை. சித்தப்பா வருவதற்கு நேரமாகும், அதுவரை வேறு யார் என்று மேடம் அதே குரலில் கேட்டார். டீச்சர் என்றான். டீச்சர் வந்தார். கதிர் பேசினான். பேசுவதற்கு முன்னால் அவன் கேட்டது, "நான் சொன்னா சித்தப்பாவ விட்டுருவாங்களா?" என்பதுதான். தனக்கு நடந்ததைச் சொல்ல வேண்டாம் என்றுதான் அந்தப் பிள்ளை இருந்திருக்கிறான். செய்யாத ஆள் மாட்டிக்கொண்டதால் வாயைத் திறந்தான். என் வாழ்க்கையில் நான் யாரையாவது வீரன் என்று சொல்ல வேண்டுமானால் அவனைத்தான் சொல்வேன்.

அமுதா துணிப்பையோடும் குடையோடும் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பின்வரிசைப் பையனுக்காகச் சொல்கிறேன். அவள் பின்னால் யாரும் இல்லை. தேடிப் பார்த்தோம்.

மறுநாள் காலை செல்வி திருப்பூரிலிருந்து வந்து சேர்ந்தாள். நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு அவள் வாயிலிருந்து முதலில் வந்தது, "அவன் பொய் சொல்லுவாங்க" என்பதுதான். கதிர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். செல்வி கெட்டவள் இல்லை. ரொம்ப நாளாக அவள் காதில் விழுந்த பேச்சு அது.

வழக்கு நடந்து அமுதாவுக்குத் தண்டனை ஆனது. செல்வி திருப்பூர் வேலையை விட்டுவிட்டு மங்கலம்பேட்டைக்கே வந்து மகனோடு இருந்தாள். முருகன் அமுதாவை விட்டுப் பிரிந்து போனார். ஆனால் கதிரைப் பார்க்க மட்டும் வந்து போவார். கதிர் பக்கம் நான். மாதா மாதம் மங்கலம்பேட்டைக்குப் போவேன். படிப்பான், விளையாடுவான், என்னையே கிண்டல் செய்வான். அம்மாவோடு மட்டும் தேவைக்கு ஒரு வார்த்தை. ஒருநாள் அதைக் கேட்டேன். "அம்மா என்ன நம்பல. கோர்ட்டு சொன்னப்புறம் கோர்ட்டதான் நம்புனாங்க" என்றான். நான் செல்வியிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். அவளும் கேட்டாள். சரி என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மேடத்திடம் வந்து புலம்பினேன். "அவன அம்மா கண்ணுல பொய்யனாக்குனது யாரோ, அவதான் அதக் கழுவணும். நீயும் நானும் கழுவ முடியாது" என்றார்.

அப்போதுதான் அவர் ஏன் அமுதாவைப் பார்க்கச் சிறைக்குப் போகக் கிளம்புகிறார் என்பது எனக்குப் பிடிபட்டது.

அமுதா இருந்தது வெளியூரில் ஒரு பெண்கள் சிறை. குறிப்பெடுக்க நானும் கூடப் போவேன் என்று அடம்பிடித்தேன். கதிர் பக்கம் உட்காருகிறவள் அங்கே வாய் திறக்கக் கூடாது, கேட்டதை அந்தப் பக்கம் கொண்டுபோகவும் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கூட்டிப் போனார். வாய் திறக்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அங்கேயும் ஒரே உயர நாற்காலிகள் கேட்டு வாங்கினார். முதல் சந்திப்பில் அமுதா, "திடீர்னு நடந்துபோச்சு மேடம். எப்படின்னே தெரியல" என்று சொல்லி அழுதாள். மேடம் டம்ளரை நகர்த்தினார். அழுது ஓய்ந்ததும், கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் வந்திருக்கிறாயா என்று கேட்டார். அவள் குழம்பி, எத்தனையோ வாட்டி என்றாள். அவள் செய்த காரியம்தான் சிதம்பரம், ஒழுங்காக இருந்த நாட்கள் கடலூர், நடுவில் ஒவ்வொரு ஊரிலும் பஸ் நிற்கும், இறங்கலாம். எந்த ஊரில் நீ ஏறினாய் என்று கேட்டார்.

அமுதா கொஞ்சம் யோசித்துவிட்டு, "முட்லூருங்க" என்றாள். சிதம்பரத்துக்குக் கிட்டத்தில் இருக்கும் ஊர் அது. அங்கே ஏறினால் சிதம்பரம் வந்தது தெரியாது.

மேடம் சிரித்தார். யாரையோ மாட்டிவிடும் சிரிப்பு என்று சொன்னேனே, அதுதான். "முட்லூர்ல ஏறுறவங்க நின்னுக்கிட்டுதான் வரணும், அமுதா. நீ ஜன்னல் சீட்ல உட்கார்ந்துக்கிட்டு வந்திருக்க. அது எப்படி கெடச்சுது?"

அமுதா டம்ளரை எடுத்துத் தண்ணீரைக் குடித்தாள். அடுத்த தடவை நாங்கள் போனபோது எங்களைப் பார்க்கவே மறுத்துவிட்டாள். நாலு மணி நேரப் பயணம் வீண் என்று நான் முணுமுணுத்தேன். மேடத்துக்கு ஒரே திருப்தி. கேள்வி உள்ளே போயிருக்கிறது என்றார்.

உள்ளேதான் போயிருந்தது. அதற்கப்புறம் அவள் ஒவ்வோர் ஊராகப் பின்னால் போனாள். ராத்திரி லோடுக்குப் போனால் கூடக் காசு வருமே என்று கணவரை நச்சரித்து அனுப்பியது அவள்தான். கதிரைத் தேடி வரும் பையன்களை வாசலோடு விரட்டியதும் அவள்தான். பக்கத்து வீட்டு அம்மாவிடம் சண்டை இழுத்துப் பேச்சை நிறுத்திக்கொண்டதும் தற்செயல் இல்லை. ஒவ்வொன்றையும் முதலில் வேறு காரணத்தோடு சொல்வாள். மேடம் மறுத்துப் பேச மாட்டார். "அங்க எறங்கியிருந்தா என்ன ஆயிருக்கும்?" என்று மட்டும் கேட்பார். காரணம் தானாக உதிர்ந்துவிடும். கோபமாகத் திட்டுவது சுலபம், பரிதாபப்பட்டுத் தலையைத் தடவுவது அதைவிடச் சுலபம். இரண்டும் இல்லாமல், ஒரு பெண்ணை அவள் செய்த காரியத்துக்கு எதிரில் உட்கார வைத்து, தானும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்த ஒருவரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பின்னாலும் பார்க்கவில்லை.

குழந்தை இல்லாத ஏக்கம்தான் காரணம் என்று அவளுடைய வக்கீல் கோர்ட்டில் வாதாடியிருந்தார். மேடத்துக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. குழந்தை இல்லாதவர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள், அவர்களை ஏன் கேவலப்படுத்த வேண்டும் என்பார். அமுதாவே ஒருநாள் வேறு ஒன்றைச் சொன்னாள். பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, எல்லோரும் அவளை அதட்டுகிறவர்கள்தானாம். "அவன் ஒருத்தன்தான் மேடம் என் மொகத்தப் பார்த்துப் பார்த்து நடப்பான். அவன் பயந்தா எனக்கு நல்லா இருக்கும்" என்றாள். ஆசையைப் பற்றியோ அன்பைப் பற்றியோ அவள் பேசவில்லை. படிப்பில் அதிகாரம் என்று ஒரே வார்த்தையில் படித்திருக்கிறேன். அது இப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இன்னொரு நாள், சின்ன வயதில் உறவுக்காரர் ஒருவரால் தனக்கே நடந்ததைச் சொன்னாள். அது நிஜம் என்று எங்கள் இருவருக்குமே தெரிந்தது. மேடம் அன்றைக்குப் பஸ் பேச்சையே எடுக்கவில்லை. இன்றைக்கு உன்னுடைய நாள், சொல் என்று சொல்லிவிட்டு முழு நேரமும் கேட்டார். திரும்பி வரும்போது ஜன்னல் ஓரத்தில் கண்ணை மூடிக்கொண்டு வந்தார். அவர் அழுதாரா என்று தெரியாது, நான் பார்க்கவில்லை. ஆனால் அடுத்த தடவை உட்கார்ந்ததும் சொன்னார்.

"உனக்கு நடந்தது பொய் இல்ல. அதுக்காக நீ எத்தினி நாள் அழுதாலும் நான் வந்து உட்காருவேன். ஆனா அது உனக்கு டிக்கெட் எடுத்துக் குடுக்கல. உன்ன மாதிரி அடிபட்டவங்க ஜாஸ்திப் பேரு பஸ் பக்கமே வராம இருக்காங்க. டிக்கெட் நீதான் எடுத்த."

அமுதா தலையை ஆட்டினாள். எனக்கு அந்த இடத்தில் அவள் மேலும் ஒரு மரியாதை வந்தது என்று சொன்னால் சில பேருக்குக் கோபம் வரும். வரட்டும். அவள் செய்ததை நான் ஒரு நாளும் மன்னித்ததில்லை. ஆனால் அப்படிப்பட்ட வார்த்தையைக் கேட்டுவிட்டு எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருப்பது சாதாரணம் இல்லை. கதவு அவள் பக்கத்தில்தான் இருந்தது.

மழைக்காலத்தில் ஒரு சந்திப்பு. நாங்கள் உட்காரும் முன்பே அவள் தொடங்கிவிட்டாள். "கடலூர்லயேதான் ஏறுனேன் மேடம். ஏறுறதுக்கு முன்னாடியே கர்ச்சீப் போட்டுட்டேன்." மேடம் காத்திருந்தார். "அவன் வந்த மொத மாசமே அக்காவுக்கு போன் பண்ணி, உன் புள்ள வாயத் தொறந்தா பொய்யின்னு சொன்னேன். அப்புறம் வாரா வாரம் எதையாச்சும் சொல்லுவேன். அவன் ஒரு பொய்யும் சொன்னதில்ல. பின்னாடி அவன் என்ன சொன்னாலும் யாரும் நம்பக் கூடாது, அதுக்குத்தான். அப்ப எனக்கே அது தெரியாதுன்னு இவ்ளோ நாளா சொல்லிக்கிட்டிருந்தேன். தெரியும் மேடம்."

 சம்பவம் நடந்த நாளைத்தான் நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் அந்தப் பிள்ளையின் பேச்சை அதற்கு எவ்வளவோ முன்னால் பறித்துவிட்டாள். செல்வி வாயிலிருந்து முதலில் வந்த அந்த வார்த்தைகூட அமுதா போட்டு வைத்ததுதான். பயந்த பெண்கள், ஏமாந்த பெண்கள், காதல் என்று பிதற்றும் பெண்கள் என்று எழுதுகிறோம். உட்கார்ந்து திட்டம் போடுகிற மூளை பெண்ணுக்கும் உண்டு என்று எழுத ஏனோ நமக்குக் கை வருவதில்லை. அந்தத் தயக்கத்தை நம்பித்தான் அவள் டிபன் பாக்ஸோடு வந்து உட்கார்ந்தாள்.

மேடம் அவளைப் பாராட்டவில்லை, திட்டவும் இல்லை. "இது எனக்கு வர வேண்டிய சேதி இல்ல. யாருக்குப் போகணும்?" என்றார்.

"அக்காவுக்கு" என்றாள் அமுதா.

செல்வியைச் சிறைக்கு வரவைக்க நான் பட்டபாடு தனிக்கதை. தங்கை செத்துப்போய்விட்டாள் என்று எண்ணிக்கொண்டதாகவும் செத்தவளைப் பார்க்கப் போக முடியாது என்றும் சொன்னாள். சத்தியம் செய்திருக்கிறேனே, அங்கே என்ன சொல்லப்படும் என்றும் நான் சொல்ல முடியாது. கதிருக்காக வா என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசியில் வந்தாள். அமுதா மேடத்திடம் சொன்னதை அப்படியே, ஒரு வார்த்தை குறைக்காமல் அக்காவிடம் சொன்னாள். மன்னிப்புக் கேட்கக் கூடாது என்று மேடம் முன்பே சொல்லியிருந்தார். அது அக்காவிடம் எதையோ எதிர்பார்ப்பது ஆகிவிடுமாம்.

செல்வி கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். பிறகு, "வாரா வாரம் போன்ல நான் அவன திட்டுவேனே. அதெல்லாம்?" என்றாள்.

"எல்லாமே நான் சொன்னதுதாங்க்கா" என்றாள் அமுதா.

செல்வி எழுந்து வெளியே வந்துவிட்டாள். மேடம் எங்களோடு வரவில்லை, இனி நடப்பது கதிர் பக்கம், அது உன் வேலை என்று என்னிடம் சொல்லிவிட்டார். விருத்தாசலம் வரை செல்வி ஒரு வார்த்தையும் பேசவில்லை. நானும் மேடத்தின் விதிப்படி பஸ்ஸில் பேசவில்லை.

மங்கலம்பேட்டையில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கதிர் வாசலில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திக் கழன்ற செயினை மாட்டிக்கொண்டிருந்தான். மீசை அரும்பத் தொடங்கியிருந்தது. செல்வி கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் அவன் எதிரில் குந்தி உட்கார்ந்தாள். சித்தியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றாள். சித்தி சொன்னதைச் சொன்னாள். "நீ ஒரு பொய்யும் சொன்னதில்லன்னு அவ வாயாலயே சொன்னா. நான்தான்டா கேட்டுக்கிட்டு இருந்துட்டேன்" என்றாள்.

கதிர் பெடலைச் சுற்றிக்கொண்டே இருந்தான். காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். பிறகு சக்கரத்தைப் பார்த்தபடியே சொன்னான்.

"அந்த மிக்ஸி ஜார நான் ஒடைக்கல."

"நீ ஒடைக்கல" என்றாள் செல்வி.

"சித்தப்பா வண்டி சாவிய நான் தொலைக்கல."

"நீ தொலைக்கலடா."

"டீச்சர் கூப்ட்டு விடவே இல்ல. நான் டெஸ்ட்ல பாஸ்தான் பண்ணேன்."

"பாஸ்தான் பண்ண."

இப்படியே போனது. பால் பாத்திரம், பொங்கல் சட்டை, பக்கத்து வீட்டுக் கோழி. எவ்வளவு சின்ன விஷயங்கள். எல்லாவற்றையும் அவன் ஒன்றுவிடாமல் வைத்திருந்தான். அந்தப் பெரிய விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. செல்வி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை, குரல் மட்டும் உடையாமல் பார்த்துக்கொண்டாள். நான் வாசல் கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். இரண்டு பேரும் அழுதால் யார் கேட்பது என்று மேடம் சொல்வார். அன்றைக்குக் கேட்பதற்கு வேறு ஆள் இருந்ததால் நான் தாராளமாக அழுதேன்.

செயின் மாட்டியாகிவிட்டது. சொல்வதற்கும் அவனிடம் மிச்சமில்லை. அந்த வீட்டுக்கு நான் போய் வந்த நாட்களில் அவன் அவளிடம் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. கிரீஸ் கையைப் பின்னால் வைத்துக்கொண்டு எழுந்து நின்றான்.

"பசிக்குதும்மா" என்றான்.